காலையில் கீச்சிடும் கார்: பெல்ட்டை மாற்றும் முன்பு

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பட்டறைக்கு ஒரே மாதிரியான புகாரோடு வரும் கார்களின் எண்ணிக்கை கூடிவிடும். “விடியக்காலையில ஸ்டார்ட் பண்ணுனா தெருவே முழிச்சுக்கிற மாதிரி கத்துதுண்ணே, அஞ்சு நிமிசத்துல தானா நின்னுருது” என்பார்கள். அவர்கள் மதுரைக்குள் வந்து சேர்ந்து, எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி பத்தாகியிருக்கும். எஞ்சின் சூடேறி, பனி ஈரம் காய்ந்து, வண்டி பரம சாதுவாக நிற்கும். கேட்ட சத்தத்தைக் காட்ட முடியாத சங்கடத்தில் உரிமையாளர் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துப் பார்ப்பார். பல இடங்களில் இதற்குக் கிடைக்கும் மருத்துவம் ஒன்றுதான்: “பெல்ட் போயிருச்சு சார், மாத்திருவோம்.” சில வண்டிகளுக்கு அது சரியான மருத்துவமாகவும் அமைந்துவிடும். ஆனால், கத்துவது பெல்ட் என்பதாலேயே கெட்டது பெல்ட் என்று ஆகிவிடாது என்பதை இத்தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த பிறகு உறுதியாகச் சொல்வேன்.

எஞ்சினின் ஒரு பக்கத்தில் சுற்றும் இந்த ரப்பர் பட்டையை நம் ஊரில் இன்றும் ஃபேன் பெல்ட் என்றே சொல்கிறோம். இன்றைய பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேன் மின் மோட்டாரில் சுழல்கிறது. பெயர் மட்டும் பழைய அம்பாசடர் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எஞ்சினின் சுழலும் தண்டில் பொருத்திய சக்கரமான கிராங்க் புல்லியிலிருந்து விசையை எடுத்து, நாம் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரையும், ஏசி கம்ப்ரசரையும், பல கார்களில் வாட்டர் பம்ப்பையும், பழைய மாடல்களில் பவர் ஸ்டீயரிங் பம்ப்பையும் சுழற்றுவது இந்த பெல்ட்தான். புல்லியைக் கவ்விப் பிடிக்க முடியாமல் அது வழுக்கும்போது, ரப்பர் உலோகத்தின் மேல் உரசி அதிர்வதையே நாம் கீச்சென்ற சத்தமாகக் கேட்கிறோம். செல்ஃப் எடுத்த மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தருவதற்காக, வண்டி கிளம்பிய முதல் சில நிமிடங்களில் ஆல்டர்னேட்டர் அதிக பாரத்தோடு ஓடுகிறது. விடியற்காலை என்பதால் ஹெட்லைட்டும் எரிகிறது. பெல்ட்டோ குளிரில் விறைத்து, பனி ஈரத்தோடு இருக்கிறது. பாரம் மிகுந்த நேரமும் பிடிமானம் குறைந்த நேரமும் ஒன்றாக அமைவதால்தான் காலையில் கத்துகிறது. பிறகு சத்தம் நிற்பது பாரம் குறைந்ததால்தானே தவிர, கோளாறு சரியானதால் அன்று.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு மல்லிகை கொண்டுவரும் ஒருவர், எட்டு மாதத்தில் இரண்டு முறை பெல்ட் மாற்றிய காரோடு வந்தார். மார்கழியில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறும் நேரம் ஆதலால், ஒரு நாள் வண்டி நின்றாலும் அவருக்கு நட்டம். பெல்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்தபோது, அதன் உட்புற வரிகள் தேய்ந்திருக்கவில்லை. ஆனால் விரலில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டியது. டார்ச்சை வாட்டர் பம்ப்புக்குக் கீழே அடித்துப் பார்த்தால், போர்த் தண்ணீர் வாளியில் படியும் உப்புக்கறையைப் போல, வெளிறிய பச்சையில் ஒரு கோடு இறங்கியிருந்தது. பம்ப்பின் அடிப்பக்கத்தில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேயும்போது கசிகிற கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பேரிங்குக்குள் புகாமல் வெளியேறுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையிலிருந்து சொட்டியதுதான் காற்றில் சிதறி ஒவ்வொரு புதிய பெல்ட்டையும் நனைத்திருக்கிறது. பம்ப் புல்லியை விரலால் பிடித்து ஆட்டினேன். ஆடக்கூடாத அது, பல் ஆடுவதுபோல் ஆடியது. வாரத்தில் இரண்டு நாள் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறித் தேனிக்குப் போகிறவர் அவர். ஏற்றத்தில் அந்த பேரிங் இறுகி பெல்ட் அறுந்திருந்தால், கூலண்ட் சுழற்சி நின்று, எஞ்சின் கொதித்து, எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் வரை செலவு போயிருக்கும். பம்ப்பையும் பெல்ட்டையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தோம்.

ஆகவே, முதலில் சத்தத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். நீளமாக இழுத்துக் கத்தி, ஏசி போட்டவுடன் கூடுகிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது. பெரும்பாலும் இழுவிசை போதவில்லை என்று பொருள். குருவி கத்துவதைப் போல விட்டுவிட்டுக் கேட்டு, எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து விரைவுபடுகிறது என்றால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்றோ, புல்லியின் பள்ளத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றோ நினைக்க இடமுண்டு. மேலூர்ப் பக்கம் கல் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிகளில், பள்ளத்துக்குள் புகுந்த ஒரு சிறு கல் துணுக்கை ஊக்கால் நெம்பி எடுத்ததோடு சத்தம் தீர்ந்த அனுபவமும் எனக்கு உண்டு. இவை இரண்டிலும் சேராமல், எஞ்சின் சூடான பிறகும் ஆட்டுக்கல்லில் வெறும் கல்லை அரைப்பதுபோல் கரகரப்பு நிற்காமல் கேட்டால், அது ஏதோ ஒரு பேரிங்.

வழுக்கலையும் கோணலையும் பிரித்தறிய நாங்கள் செய்யும் சோதனை எளியது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் கத்திக்கொண்டிருக்கும்போது, ஸ்பிரே பாட்டிலில் உள்ள வெறும் தண்ணீரை பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சற்றே பீய்ச்சுகிறோம். சத்தம் அதிகரித்தால் இழுவிசைக் குறைவு. சத்தம் அடங்கி, தண்ணீர் காய்ந்ததும் மறுபடி தொடங்கினால் புல்லி நேர்கோட்டில் இல்லை. அடுத்தது பேரிங்குகளின் முறை. குளிர்ந்த எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடத்துக்குள் ஓட்டி நிறுத்துகிறோம். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அதற்கு மேல் ஓட்டுவது தவறு. சத்தம் அப்போதும் கேட்டால் பிரச்சினை எஞ்சினுக்கு உள்ளே. கேட்காவிட்டால் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கிறோம். பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லி நல்லதாக இருந்தால் சத்தமில்லாமல் சுற்றும். கிரீஸ் காய்ந்தது சைக்கிள் சக்கரம்போல் நெடுநேரம் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது விரலில் மணல் உரசுவதுபோல் தட்டுப்படும். நெடுநேரம் சுற்றுவதைப் பார்த்து ‘நல்லாத்தானே சுத்துது’ என்று திருப்பி மாட்டிவிடும் பிழையைப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு முறையாவது செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன்.

பெல்ட்டைப் பற்றியும் ஒரு பழைய நம்பிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்பு வந்த நியோப்ரீன் பெல்ட்டுகளில் வயதானால் வெடிப்பு விழும். எண்ணிப் பார்த்து மாற்றிவிடலாம். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் எளிதில் வெடிப்பதில்லை. டயரைப் போலத் தேய்கின்றன. வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று ஆழமாகி, பெல்ட் புல்லிக்குள் இறங்கி உட்கார்ந்துவிடுவதால் பிடிமானம் போய்விடுகிறது. வெடிப்பு இல்லை, ஆகவே பெல்ட் நன்றாக இருக்கிறது என்ற முடிவு இன்றைக்குச் செல்லாது. வரிகளின் பக்கவாட்டில் கண்ணாடிபோல் பளபளப்பு ஏறியிருந்தால், அது நெடுநாள் வழுக்கிச் சூடேறிய பெல்ட்.

சோப்புக் கட்டியைத் தேய்ப்பது, பவுடர் தூவுவது, தேங்காய் எண்ணெய் தடவுவது ஆகிய கைவைத்தியங்களை என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேராவது செய்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். சத்தம் ஓரிரு நாள் அடங்குவது உண்மைதான். ஆனால் அந்தப் பூச்சு நம் ஊர்ப் புழுதியைக் குழைத்துப் புல்லிப் பள்ளங்களில் பசையாக்குகிறது; எண்ணெயோ ரப்பரையே ஊதிப்போகச் செய்கிறது. இதைவிட மோசமானது, சத்தம் நிற்கும்வரை பெல்ட்டை இறுக்குவது. கையால் இறுக்கும் வசதியுள்ள பழைய வண்டிகளில் இது மிகச் சாதாரணம். சத்தம் நின்றுவிடும், அளவுக்கு மீறிய இழுவிசை முழுவதும் ஆல்டர்னேட்டர் பேரிங்கின் மேலும் வாட்டர் பம்ப் பேரிங்கின் மேலும் ஏறி, சில மாதங்களில் பெரிய செலவாக வந்து நிற்கும். பெல்ட்டை ஸ்பிரிங் விசையால் தானே இழுத்துப் பிடிக்கும் தானியங்கி டென்ஷனர் உள்ள கார்களில் இறுக்குவதற்கே இடமில்லை. அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் டென்ஷனரைத்தான் மாற்ற வேண்டும். புது பெல்ட் போட்டாலும் அதே தளர்ந்த ஸ்பிரிங்தான் அதை இழுத்துப் பிடிக்கிறது.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறியதும் சில வினாடிகள் கத்தி நின்றுவிடுவதற்காக அஞ்ச வேண்டியதில்லை. சத்தத்தோடு பேட்டரி விளக்கும் எரிந்தாலோ, வெப்பமானி முள் மேலே ஏறினாலோ, ரப்பர் கருகும் வாடை வந்தாலோ, ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ‘ஒத்தக்கடை வரைக்கும் ஓட்டிட்டுப் பாத்துக்கலாம்’ என்ற கணக்கு வேண்டாம். ஓடும் எஞ்சினுக்கு மேல் குனிந்து பார்ப்பவர்கள் தோளில் உள்ள துண்டையும், வேட்டி நுனியையும், துப்பட்டாவையும், கழுத்துச் சங்கிலியையும் நினைவில் கொள்ள வேண்டும். ரேடியேட்டர் ஃபேன், எஞ்சினை அணைத்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கலாம்.

கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் கேட்கும் கீச்சு கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைச் சேர்ந்தது. பிரேக் பிடித்தால் மாறுகிற கீச்சு சக்கரத்திலிருந்து வருவது. இவற்றை எஞ்சின் சத்தம் என்று சொல்லி வண்டியை விடுகிறவர்களும் உண்டு என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன்.

காலையில் மட்டும் கத்தும் வண்டியைப் பத்து மணிக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதே வாடிக்கையாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது. முந்தின நாள் மாலையே கொண்டுவந்து விட்டுவிட்டு, எத்தனை நிமிடம் கத்துகிறது, ஏசி போட்டால் கூடுகிறதா, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் மாறுகிறதா, கடைசியாக எந்தப் பாகத்தை யார் மாற்றினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் வைத்துப் போகட்டும். இரவு முழுக்க வண்டி வெளியே பனியில் நிற்கும். காலை ஐந்தரை மணிக்கு, டீ குடிக்கப் போகும் முன்பே, பானெட்டைத் திறந்து வைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, முதல் ஸ்டார்ட்டை நானே அடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.