அதிரும் கருவியைப் பிடிக்கும் கைகளுக்குப் பிரித்தானியச் சட்டம் தரும் உடல்நலக் கண்காணிப்பு

கான்கிரீட் உடைக்கும் இயந்திரம், கிரைண்டர், செயின்சா போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் பிடித்து வேலை செய்பவரின் விரல்கள் முதலில் மரத்துப்போகும். பிறகு குளிரான காலைகளில் நுனியிலிருந்து வெளிறும். அதிர்வால் வரும் இந்த நோய் முற்றினால், சட்டைப் பொத்தான் போடுவதே பெரும்பாடாகிவிடும். அந்நிலையிலிருந்து கையை முழுமையாக மீட்டுத் தரும் சிகிச்சை இல்லை என்பதால்தான், தொடக்கத்திலேயே கண்டறிவதைப் பிரித்தானியா 2005 ஜூலை 6 முதல் முதலாளியின் சட்டக் கடமையாக்கியுள்ளது.

எட்டு மணி நேர வேலைநாளுக்குக் கணக்கிடப்படும் அதிர்வு, வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டர் என்ற அளவைத் தொடர்ந்து தாண்டும் தொழிலாளர்களுக்கு இக்கண்காணிப்பு உண்டு. இதே எட்டு மணி நேரக் கணக்கில் 5 மீட்டர் என்பது எந்நாளும் மீறக் கூடாத உச்சவரம்பு. இந்தக் கணக்கில் பலரும் ஏமாந்துபோவது நேரத்தில்தான். அதிர்வு இரட்டிப்பானால் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாக அல்ல, கால்பங்காகக் குறைகிறது. 5 மீட்டர் அதிர்வுள்ள கருவி இரண்டு மணி நேரத்தில் எட்டும் 2.5 மீட்டர் என்ற நாளளவை, 10 மீட்டர் அதிர்வுள்ள கருவி அரை மணி நேரத்திலேயே எட்டிவிடும்.

வேலையில் சேரும்போது ஒரு வினாப்பட்டியலும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு சுருக்கமான வினாப்பட்டியலும் தரப்படும். அறிகுறி தெரிந்தால் பயிற்சி பெற்ற செவிலியர் நேரில் பரிசோதிப்பார். நோயை உறுதிசெய்வது தொழில்சார் மருத்துவரின் பொறுப்பு. இவை அனைத்தும் வேலை நேரத்தில், முதலாளியின் செலவில் நடக்க வேண்டும்.

வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் மரத்துப்போன விரலைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பவர்கள் உண்டு. அந்த அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் மறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் கையைத்தான் விலையாகக் கேட்கிறது. பரிசோதனையில் தெரியவரும் மருத்துவ விவரங்கள் தொழிலாளியின் சம்மதமின்றி முதலாளியிடம் போகக் கூடாது. அவர் இவ்வேலைக்குத் தகுதியானவரா, எத்தகைய கட்டுப்பாடுகள் தேவை என்பவை மட்டுமே முதலாளிக்குத் தெரிவிக்கப்படும். முதலாளி வைத்திருக்கும் தம் உடல்நலப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

நோய் உறுதியானால், முதலாளி அதை அரசுக்கு அறிவிக்க வேண்டும். ஊழியராக இருந்து இந்நோய்க்கு ஆளானவர், தொழில்சார் பாதிப்புக்கான அரசு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். இயலாமை பொதுவாக 14 சதவீதமாவது இருப்பதாக மதிப்பிடப்பட வேண்டும். முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. விண்ணப்பிப்பதற்காக வேலையை விடவும் தேவையில்லை.