சுவருக்குப் பின்னால் போன பிறகும் சாவது எப்படி?

கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் வரிசையில் அடுத்த பாகம் வந்தால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். புதிய மேப் (ஆடுகளம்), புதிய துப்பாக்கி, திருட்டாட்டம் ஆடுபவர்களைப் பிடிக்க நல்ல வழி என்று அவரே ஒரு பட்டியலும் போட்டிருந்தார். கடைசியில் பின்குறிப்பாக ஒரு வரி: "நான் சுவருக்குப் பின்னால் போன பிறகுதான் செத்தேன், சத்தியமாக. இதையாவது சரி செய்வார்களா?"

எனக்கு அந்தப் பின்குறிப்புதான் கேள்வி. மேப்பையும் துப்பாக்கியையும் எப்படியும் கொடுத்துவிடுவார்கள்.

1999-இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் இரண்டு பேர் கட்டி எழுப்பி இலவசமாக வெளியிட்டது கவுன்டர்-ஸ்ட்ரைக். 2000-இல் விற்பனைக்கு வந்தது. அப்புறம் 2004-இல் சோர்ஸ், 2012-இல் குளோபல் அஃபென்சிவ், 2023-இல் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2. வெளிச்சமும் புகையும் எவ்வளவோ அழகாகிவிட்டன. ஆட்டம் மட்டும் கிட்டத்தட்ட அதேதான்: ஐந்து பேருக்கு ஐந்து பேர், ஒரு வெடிகுண்டு, ஒரு மூலை, மூலைக்கு அந்தப் பக்கம் ஒருவன். சுவருக்குப் பின்னால் சாவதும் கூடவே வருகிறது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் நடுவர் சர்வர்தான், அதாவது எல்லோருடைய கணினியும் இணையம் வழியாக இணையும் பொதுக் கணினி. நீங்கள் அழுத்தும் விசையும் அசைக்கும் மவுஸும் செய்தியாக அதற்குப் போகின்றன. அது விநாடிக்கு 64 முறை உலகத்தைக் கணக்குப் போட்டு, யார் எங்கே என்ற படத்தை எல்லோருக்கும் அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு டிக், அதாவது சுமார் 15.6 மில்லி விநாடி. செய்தி போக நேரம் ஆகும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 4000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போக 20 மில்லி விநாடி, வர 20. அதுவும் இழை நேர்கோட்டில் கிடந்தால், கிடப்பதில்லை. நடுவில் ஒவ்வொரு ரவுட்டரிலும் வரிசையில் நிற்க வேறு வேண்டும். இந்தப் போக்குவரத்து மொத்தம்தான் பிங்.

இந்தத் தாமதத்தை அப்படியே விட்டால் 'முன்னே போ' என்று அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 1996-இல் ஜான் கார்மேக் என்ற நிரலாளர் குவேக்வேர்ல்ட் என்ற இணையத் துப்பாக்கி ஆட்டத்தில் ஒரு தந்திரம் செய்தார்: சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் உங்கள் கணினியே உங்களை நகர்த்திவிடும். சர்வர் பின்னால் சரிபார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் உங்களைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போடும். ரப்பர் கட்டி இழுத்தது போல ஒரு வெட்டு வெட்டுமே, அது இதுதான். ஆக, உங்கள் திரையில் நீங்கள் சர்வருக்கு முன்னால் ஓடுகிறீர்கள்.

எதிரி நேர்மாறு. அவனைப் பற்றிய படங்கள் உங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் வருகின்றன. வந்ததும் காட்டினால் தத்தித் தத்தி நடப்பான். அதனால் கணினி வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கி, கையில் உள்ள இரண்டு படங்களுக்கு நடுவே அவனை வழுக்கிக்கொண்டு போகிறது. 64 டிக்கில் இரண்டு டிக் பின்தங்கினால் 31 மில்லி விநாடி.

சுருங்கச் சொன்னால், ஒரே திரையில் நீங்கள் எதிர்காலத்திலும் எதிரி இறந்தகாலத்திலும் நிற்கிறீர்கள். இந்த நிலையில் நீங்கள் அவன் தலைக்குக் குறிவைத்துச் சுடுகிறீர்கள். அந்த இடத்தில் தலை இல்லை. எப்போதோ இருந்தது. குவேக் 3 காலத்தில் இதற்கு ஆட்டக்காரர்களே கணக்குப் போட்டார்கள்: பிங் எவ்வளவோ அவ்வளவு முன்தள்ளிக் காற்றில் சுட வேண்டும். ஆளைச் சுட்டால் தப்பும், வெற்றிடத்தைச் சுட்டால் விழுவான்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கவுன்டர்-ஸ்ட்ரைக்கை வெளியிடும் வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் விளக்கி எழுதிய முறை இது. சர்வர் ஒரு ஏடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு டிக்கிலும் ஒவ்வொருவரும் எங்கே, எந்தக் கோணத்தில் நின்றார்கள் என்று அதில் எழுதிக்கொண்டே வரும். வால்வின் ஆட்டங்களுக்கு அடித்தள மென்பொருளான சோர்ஸ் எஞ்சினின் வழக்கமான அமைப்பில் அந்த ஏட்டில் ஒரு விநாடி நினைவு இருக்கும். நீங்கள் சுட்ட செய்தி வந்ததும் சர்வர் யோசிக்கிறது: இவர் சுட்டபோது இவர் திரையில் தெரிந்தது எந்த நேரத்து உலகம்? இப்போதைய நேரத்திலிருந்து செய்தி போய்வந்த நேரத்தைக் கழி, திரை வேண்டுமென்றே பின்தங்கிய நேரத்தையும் கழி. ஏட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டு. உங்களைத் தவிர மற்ற ஒன்பது பேரையும் அப்போது நின்ற இடத்துக்குத் தூக்கி வை. சுவர் நகராது, அதைத் தொட வேண்டாம். இப்போது சுட்டவரின் கண் இருக்கும் இடத்திலிருந்து ஒரு கோடு இழு. தலை, மார்பு, கை, கால் என்று கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் ஒவ்வொருவர் உடம்பிலும் பொருத்தியிருக்கின்றன. கோடு எதில் படுகிறது என்று பார். பட்டால் காயம் எழுது. பிறகு எல்லோரையும் நிகழ்காலத்தில் இருந்த இடத்திலேயே திருப்பி வை. இவ்வளவும் ஒரு டிக்குக்குள். ஒருவருக்கும் தெரியாது.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் இப்படி ஒருமுறை காலம் பின்னால் போய் வருகிறது. ஏகே-47 நிமிடத்துக்கு 600 தோட்டா சுடும். இதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சரி, செத்தவன் பக்கம் வருவோம். உங்கள் பிங் 40, சுட்டவன் பிங் 80 என்று வைத்துக்கொள்வோம். அவன் தோட்டா சர்வரை அடையும் நொடியில் அவன் பார்த்த படத்துக்கு வயது 111 மில்லி விநாடி: வந்தது 40, போனது 40, பின்தங்கியது 31. அந்தப் படத்தில் இருக்கும் இடத்தை உங்கள் திரையில் நீங்கள் அதற்கும் 20 முன்பே கடந்துவிட்டீர்கள். செத்த சேதி உங்களிடம் வர இன்னும் 20. ஆக 151. ஏகே-47 ஏந்தி ஓடுபவரின் வேகம் விநாடிக்கு 215 யூனிட் (ஆட்டத்துக்குள் நீளத்தை அளக்கும் அலகு). பெருக்கிப் பாருங்கள், 32 யூனிட் சொச்சம். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஓர் ஆளின் உடம்பு எவ்வளவு அகலம் தெரியுமா? 32 யூனிட்.

வாசகர் பொய் சொல்லவில்லை. அவர் திரையில் அவர் ஓர் உடம்பு அகலம் முழுக்கச் சுவருக்குள் போயிருந்தார். சுட்டவன் திரையில் அவர் வெட்டவெளியில் நின்றார். இரண்டும் உண்மை. தனித்தனிக் கணினிகளில் ஒன்றையொன்று பாதிக்காமல் நடக்கும் இரண்டு நிகழ்வுகளில் 'எது முதலில்' என்ற கேள்விக்கே சில சமயம் பொருள் கிடையாது என்று கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் காட்டினார். சார்பியல் கோட்பாட்டிலிருந்துதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சர்வர் இடத்தைத்தான் பின்னால் திருப்பும், சாவைத் திருப்பாது. நீங்கள் சுட்ட செய்தி வருவதற்குள் சர்வரில் நீங்கள் செத்திருந்தால் அந்தத் தோட்டா செல்லாது. உங்கள் காதில் வெடிச்சத்தம் கேட்டிருக்கும், எதிரிக்கு ஒரு கீறல்கூட இருக்காது.

காரணம் தெரியாத இடத்தில் நம்பிக்கைகள் முளைக்கும். காசு கொடுத்து ஸ்கின் (துப்பாக்கிக்கு அலங்காரத் தோற்றம்) வாங்காதவனின் தோட்டாவைச் சர்வர் மதிப்பதில்லை என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய ஆட்டக்காரர் ஒருவர் தன் ஆட்ட அமைப்புகளை எழுதிவைத்த கான்ஃபிக் கோப்பிலிருந்து நான்கு வரியை அர்த்தம் தெரியாமல் நகலெடுத்து ஒட்டிக்கொள்பவர்கள் இன்னும் அதிகம். அவருடைய பிங்குக்கும் இணைப்புக்கும் எழுதிய வரிகள் அவை. மற்றவருக்குத் தாயத்து. குளோபல் அஃபென்சிவ் காலத்தில் நானும் ஒன்று கட்டியிருந்தேன். கட்டிய பிறகும் அதே மூலையில்தான் செத்தேன்.

2023-இல் வந்த பாகம் ஒரு நல்ல காரியம் செய்தது. அதற்கு முன் இரண்டு டிக்குகளுக்கு நடுவே சுட்டால் அது டிக் எல்லையில் சுட்டதாகவே கணக்கு. இப்போது எந்த நேரத்தில் விசையை அழுத்தினீர்கள் என்ற குறிப்பும் சேர்ந்தே போகிறது. சப்டிக் என்று பெயர். சரியான யோசனைதான், ஆனால் அது தொடுவது அதிகபட்சம் ஒரு டிக், 15.6 மில்லி விநாடி. மிச்சம் 135 அப்படியே நிற்கிறது. 2020-இல் வந்த வாலரன்ட் என்ற இதே வகை ஆட்டம் வேறு வழியில் போனது: விநாடிக்கு 128 டிக். இரண்டு டிக் பின்தங்குவது 31-இலிருந்து 16-ஆகக் குறையும். விலை, சர்வர் ஒவ்வொரு கணக்கையும் 7.8 மில்லி விநாடிக்குள் முடிக்க வேண்டும், செலவு கூடும்.

அடுத்த பாகத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்பேன். ஆனால் ஒளியின் வேகத்தை எந்தப் பேட்ச்சும் மாற்றாது. ஆகவே மிஞ்சும் தாமதத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் நிஜமான கேள்வி. இப்போது சுடுபவன் பக்கமே தீர்ப்பு. 300 பிங்கோடு வருபவனுக்காகவும் காலத்தைப் பின்னால் திருப்பினால், நல்ல இணைப்பு உள்ளவன்தான் சுவருக்குப் பின்னால் சாவான். எத்தனை மில்லி விநாடி வரை திருப்புவோம் என்று ஒரு வரம்பு வைத்து, அதை எல்லோருக்கும் தெரியும்படி சொல்ல வேண்டும். அதைத் தாண்டியவன் பழைய குவேக் ஆட்டக்காரன் போல முன்தள்ளிச் சுடட்டும். 2016-இல் வந்த ஓவர்வாட்ச் என்ற துப்பாக்கி ஆட்டத்தில் தப்பிக்கும் வித்தைகளைப் பயன்படுத்தினால் தீர்ப்பு அடிவாங்குபவன் பக்கம் சாயும். அதாவது விதியை வளைக்க முடியும், முயன்றால்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 4000 கிலோமீட்டர் சர்வருக்கு 40 போதும் என்ற இடத்தில் 80 ஆகிறதே, அந்த மிச்சத்தில் பெரும்பங்கு வீட்டு ரவுட்டரின் வரிசையிலேயே போவதுண்டு. வீட்டில் யாராவது பெரிய கோப்பு ஏற்றினால் உங்கள் தோட்டா அதன் பின்னால் வரிசையில் நிற்கும். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்கு அருமையான தீர்வு ஒன்றைச் சொன்னார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார். பழைய ரவுட்டர்கள் பலவற்றில் அது இன்னும் இல்லை. இது மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ட்ரெய்லரில் காட்ட முடியாதே. ஒரு ட்ரெய்லரின் செலவை இங்கே திருப்பினால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஆத்திரம்.

கடைசியாக, எனக்கென்று ஒன்று கேட்கிறேன். செத்த பிறகு கொன்றவனின் பார்வையை மறுபடி ஓட்டிக் காட்டும் ஆட்டங்கள் உண்டு. அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. ஏடு சர்வரிடம் இருக்கிறதே, இரண்டு படமாகக் காட்டலாம்: இடப்பக்கம் அவன் பார்த்தது, வலப்பக்கம் நான் பார்த்தது, நடுவில் எத்தனை மில்லி விநாடி என்று ஒரு எண். 151 என்று போட்டிருந்தால் திட்டாமல் அடுத்த ரவுண்டுக்குப் போய்விடுவேன். 12 என்று போட்டிருந்தால், நான் மெதுவாக ஓடியிருக்கிறேன்.