ஃபீல்டு இருக்க ப்ராப்பர்ட்டி எதற்கு?

குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் மென்பொருளை சி ஷார்ப் மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'உணரி' என்ற கிளாஸில் (தரவையும் அதன் செயல்களையும் ஒன்றாகக் கட்டும் வார்ப்பு) 'வெப்பம்' என்பதைப் பப்ளிக் ஃபீல்டாக, அதாவது வெளியிலிருந்தும் நேரே அணுகக்கூடிய மாறியாக அறிவித்தால், நிரலின் எந்த மூலையிலிருந்தும் அதில் எந்த எண்ணையும் எழுதிவிட முடியும்; இயற்கையில் இருக்கவே முடியாத -300 டிகிரி செல்சியஸையும் அது மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். அதையே ப்ராப்பர்ட்டியாக அமைத்தால், மதிப்பை எழுதும்போது 'செட்' பகுதியும் படிக்கும்போது 'கெட்' பகுதியும் இயங்குவதால், -273.15-க்குக் கீழான எண்ணை வாசலிலேயே மறுத்துவிடலாம்.

இப்போதைக்கு ஃபீல்டாகவே வைத்து, இப்படிப்பட்ட சோதனை தேவைப்படும் அன்றைக்கு ப்ராப்பர்ட்டியாக மாற்றிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஏனெனில் 'உணரி.வெப்பம் = 4' என்ற வரி இரண்டுக்கும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். ஆனால், நாம் எழுதும் நிரலைக் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் கம்பைலர், ஃபீல்டு என்றால் அதில் நேரே எழுதும் கட்டளையையும், ப்ராப்பர்ட்டி என்றால் 'செட்_வெப்பம்' என்ற மெத்தடை (கிளாஸின் செயல்பகுதியை) அழைக்கும் கட்டளையையும் உருவாக்குகிறது. நமது டிஎல்எல் கோப்பை (பிற நிரல்கள் பயன்படுத்தும்படி கம்பைல் செய்து வைத்த தொகுப்பு) பயன்படுத்தி வேறொருவர் முன்பே கம்பைல் செய்துவிட்ட நிரலுக்குள் முதல் வகைக் கட்டளை பதிந்து கிடக்கும். ஃபீல்டை ப்ராப்பர்ட்டியாக்கி டிஎல்எல்லை மட்டும் புதுப்பித்தால், அந்த நிரல் பழைய ஃபீல்டைத் தேடிக் காணாமல் 'மிஸ்ஸிங் ஃபீல்டு எக்ஸப்ஷன்' என்ற பிழையைக் காட்டும். அவர் தமது நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. இருந்தும் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். அந்த ஃபீல்டை 'ரெஃப்' என்று குறித்து, அதாவது மதிப்பின் நகலை அல்லாமல் ஃபீல்டையே ஒப்படைத்து, ஒரு மெத்தடுக்கு அனுப்பியிருந்தால் மறுபடி கம்பைல் செய்வதும் பலிக்காது. ப்ராப்பர்ட்டியை அப்படி அனுப்பக் கம்பைலர் விடுவதில்லை. (பைத்தானில் பெயர் இயங்கும் நேரத்தில்தான் தேடப்படுகிறது, ஆகவே அங்கே சாதாரண மாறியில் தொடங்கிப் பிறகு ப்ராப்பர்ட்டிக்கு மாறுவதே வழக்கம்.)

ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் பத்து வரி எழுதும் சலிப்பு 2007-இல் வந்த சி ஷார்ப் 3.0-உடன் தீர்ந்தது: 'கெட்; செட்;' என்று ஒரே வரியில் எழுதினால், மறைவான ஃபீல்டைக் கம்பைலரே உருவாக்கிக்கொள்ளும். 'செட்' முன்னால் 'பிரைவேட்' என்று சேர்த்தால், வெளியார் படிக்கலாம், எழுத முடியாது. வேகம் குறையுமோ என்ற அச்சம் பெரும்பாலும் வீண். இத்தகைய எளிய மெத்தடுகளை, நிரல் இயங்கும்போதே அதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஜிட் கம்பைலர், அவை அழைக்கப்படும் இடத்திலேயே விரித்துவிடுகிறது.

கிளாஸுக்குள் மட்டும் புழங்கும் பிரைவேட் ஃபீல்டுகளுக்கு இந்த வம்பு எதுவும் இல்லை. அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.