ஜாப் ஒர்க் போன துணியும் காணாமல் போன பில்லும்

திருப்பூரில் ஜாப் ஒர்க் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனி துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆர்டரைப் பார்க்கும். மென்பொருளிலும் அப்படித்தான். பட்டனை அழுத்தியதும் பில் போட்டாயிற்று என்று திரை சொல்லிவிடும். பிடிஎஃப் தயாரிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் பின்னணியில் வேறொரு நிரலின் வேலை.

ரூபி என்ற நிரல் மொழிக்காரர்கள் இந்தப் பின்னணி வேலைக்குப் பெரிதும் நம்பும் மென்பொருள் சைட்கிக். மைக் பெர்ஹம் 2012இல் வெளியிட்டது. மூல நிரல் திறந்தே இருக்கிறது, இலவசம். அதற்கு மேல் ப்ரோ, என்டர்பிரைஸ் என இரண்டு காசுப் பதிப்புகள். இலவசப் பதிப்பு ஒன்றும் சாம்பிள் பீஸ் அல்ல. பிழையில் நின்ற வேலையை, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 25 முறை, ஏறக்குறைய மூன்று வாரம் வரை, தானே திரும்ப முயலும்.

அப்புறம் காசு எதற்கு?

வேலைகள் ரெடிஸ் தரவுத்தளத்தில் வரிசையில் நிற்கும். இலவசப் பதிப்பு ஒரு வேலையை எடுத்த கணமே அது வரிசையிலிருந்து நீங்கிவிடும். முறையாக நிறுத்தினால், முடியாததைத் திருப்பி வைத்துவிடும். ஆனால் கரண்ட் போனாலோ, மெமரி தீர்ந்து இயங்குதளம் நிரலைக் கொன்றாலோ, பிழை என்று பதியக்கூட ஆள் இருக்காது. 25 முயற்சிகளும் தொடங்கவே தொடங்காது. எங்களுக்கு மூன்று பில் இப்படித்தான் போனது.

ப்ரோ, எடுக்கும் வேலையை ரெடிஸுக்குள்ளேயே ஒரு தனிப் பட்டியலுக்கு நகர்த்தும். முடிந்த பிறகே அழிக்கும். வண்டியில் துணி ஏறும்போதே சலான் நகல் நம்மிடம் நின்றுவிடுவது போல. ஆனால் மீட்ட வேலை இரண்டு தடவை ஓடலாம். ஒரே பில் இரண்டு முறை போகாமல் பார்ப்பது, காசு கொடுத்தாலும், நம் பொறுப்புதான்.

தினமும் இத்தனை மணிக்கு என்று திரும்பத் திரும்ப ஓடும் வேலைகளுக்கு சைட்கிக்கில் என்டர்பிரைஸ் வேண்டும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதுபவர்களுக்கான, இதே வேலை செய்யும் ஹேங்ஃபயர் அதை இலவசமாகவே தருகிறது, பல வேலைகளை ஒரு கட்டாகச் சேர்ப்பதற்குத்தான் காசு கேட்கிறது. எது இல்லாவிட்டால் பெரிய கம்பெனிக்கு வலிக்கும் என்ற கணக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. இதில் எனக்குக் குறையில்லை. இலவசப் பதிப்பைப் பராமரிக்கும் ஆளுக்கும் சாப்பாடு வேண்டுமே.

ரூபியில் இணையச் செயலி கட்ட உதவும் ரெயில்ஸின் 8ஆம் பதிப்புடன் 2024இல் வந்த சாலிட் கியூ வேறு வழி போகிறது. வேலை சாதாரணத் தரவுத்தளத்தில் ஒரு வரியாக இருக்கும். எடுத்த நிரல் செத்தாலும் வரி அங்கேயே நிற்கும். நாளுக்குச் சில நூறு பில் போடும் எங்களுக்கு அதுவே தாராளம். அதற்கு மாறிவிட்டோம். போன மூன்று பில்லை மட்டும் உட்கார்ந்து கையால் போட்டோம்.