மரத்துப்போன கை தானாகச் சரியாகிவிட்டதா?

1973 பிப்ரவரி, நியூயார்க். இசையமைப்பாளர் பிராம்ஸ் வயலினுக்கும் செலோவுக்குமாக (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம், உட்கார்ந்து வாசிப்பது) எழுதிய இரட்டை கான்செர்ட்டோ, அதாவது இசைக்குழுவோடு தனி வாத்தியங்கள் வாசிக்கும் படைப்பு. வயலினில் பிங்கஸ் ஜுகர்மான், இசைக்குழுவை நடத்தியவர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன். செலோ வாசிக்க வந்திருந்த ஜாக்குலின் டு ப்ரேவுக்கு வயது 28. செலோப் பெட்டியைத் திறக்கவே அவருடைய விரல்கள் திணறின. விரல் கம்பியில் பட்டதா இல்லையா என்று தெரியாமல், கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்து வாசித்தார். நான்கு கச்சேரிகளில் மூன்றோடு நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அவர் மேடையில் செலோ வாசிக்கவே இல்லை. நோயின் பெயர் அந்த அக்டோபரில்தான் தெரிந்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்.

1945இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். செலோ ஆசிரியர் வில்லியம் பிளீத்திடம் பயின்று, 16 வயதில் லண்டன் விக்மோர் ஹாலில் அரங்கேறினார். 1965இல் பார்பிரோலி நடத்த, லண்டன் சிம்பனி இசைக்குழுவோடு இசையமைப்பாளர் எல்கரின் செலோ கான்செர்ட்டோவைப் பதிவு செய்தபோது அவருக்கு 20 வயது. நரம்பியல் மருத்துவன் என்பதை மறந்துவிட்டு ரசிகனாகச் சொல்கிறேன், அந்தப் பதிவை ஒருமுறையாவது கேளுங்கள்.

மருத்துவனாக என்னை உறுத்துவது 1971ஆம் வருடம். விரல்களில் உணர்வு குறையத் தொடங்கியது, சோர்வு வேறு. கச்சேரிகளை விட்டு ஓய்வெடுத்தார். மனஉளைச்சல், நரம்புத் தளர்ச்சி என்றுதான் பேச்சு போயிற்று. டிசம்பரில் கை திடீரெனத் தெளிந்தது. பல மாதங்களாக ஒதுங்கியிருந்தவர், ஸ்டுடியோவுக்குப் போய் இசையமைப்பாளர்கள் ஷோபின், ஃபிராங்க் ஆகியோரின் சொனாட்டா எனும் படைப்புகளைப் பதிவு செய்தார். சுற்றியிருந்தவர்கள் நிம்மதியடைந்திருப்பார்கள். அந்தத் தெளிவுதான் இந்த நோயின் ஏமாற்று வேலை.

எம்.எஸ்.ஸில் உடலின் எதிர்ப்பு அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குகின்றன. தாக்குதல் நடக்கும் இடத்தில் வீக்கம் வந்து, செய்தி போவது தடைபடும். சில வாரங்களில் வீக்கம் வடிந்ததும் செய்தி மறுபடி ஓடும், கை சரியாகிவிடும். ஆனால் உள்ளே தழும்பு மிஞ்சும். அடுத்த தாக்குதல் மாதங்கள் கழித்து வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம், அதுவும் வேறு இடத்தில். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கும்; அல்லது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்; நடை தள்ளாடும்; சிறுநீரை அடக்க முடியாது. போன வருடக் கைக்கும் இந்த வருடக் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கண்ணுக்கு ஒரு டாக்டர், கைக்கு ஒரு டாக்டர் என்று போய்விடுகிறது.

செலோவில் வீணையைப் போல விரலுக்கு இடம் காட்டும் மெட்டுகள் கிடையாது. நம் வயலின்காரர்களைப் போலத்தான், விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உணரும் சக்தியை நம்பி வாசிக்க வேண்டும். அந்த உணர்வைக் கொண்டுபோகும் தண்டுவடப் பாதை பாதிக்கப்பட்டால், பலம் அப்படியே இருந்தும் கை உதவாது. இசை தெரியாதவர்களிடம் இதுவே வேறு வார்த்தையில் வரும்: "பர்ஸுக்குள்ள கையை விட்டா சாவியா சில்லறையான்னு தெரியல டாக்டர்." சட்டைப் பொத்தான், நகைக் கொக்கி எதுவும் கண் பார்க்காமல் ஆகாது.

சரி, கை மரத்தவர்கள் எல்லாரும் பயப்பட வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலும் காரணம் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது, கழுத்து எலும்பு, சர்க்கரை நோய் அல்லது பி12 குறைவு. இரவில் கை மரத்து எழுப்பி, உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டைப் பார்க்கச் சொல்வேன். என்னை நிமிர வைப்பது வேறு: ஓரிரு நாளில் பரவி, 24 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் நின்று, வாரக்கணக்கில் இருந்து மெல்ல வடியும் மரப்பு. 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவதே அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் ஓடுவது போலிருப்பதும், சித்திரை வெயிலிலோ வெந்நீர்க் குளியலிலோ பழைய தொந்தரவு தலைகாட்டுவதும் துப்புகள். நம் ஊரில் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற நோயையும் மனதில் வைத்தே பரிசோதிக்கிறோம். பார்க்க எம்.எஸ். போலவே இருக்கும், மருந்து வேறு, சில எம்.எஸ். மருந்துகள் அதை மோசமாக்கும்.

டு ப்ரேவின் மருத்துவர்களைக் குறை சொல்வது எளிது. அன்று எம்.ஆர்.ஐ. மருத்துவமனைகளுக்கு வரவில்லை, நோயின் போக்கைத் தடுக்கும் மருந்தும் இல்லை. அப்படித் தடுக்கும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993இல். அவர் சக்கர நாற்காலியிலிருந்து சில காலம் மாணவர்களுக்குக் கற்பித்து, 1987 அக்டோபரில் 42 வயதில் இறந்துவிட்டார். எல்லாருக்கும் நோய் இவ்வளவு வேகமாகப் போவதில்லை. இன்று ஊசியாகவும் மாத்திரையாகவும் பல மருந்துகள் உண்டு. பூரண குணம் இல்லை, ஆனால் தாக்குதல்களை வெகுவாகக் குறைக்கலாம், சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

ஸ்டீராய்டு ஊசி விஷயத்தில்தான் குழப்பம் நடக்கிறது. அது அப்போதைய தாக்குதலைச் சீக்கிரம் வடியவைக்கும், அவ்வளவே. ஐந்து நாள் போட்டதும் தெம்பு வந்து, மறுபரிசோதனைக்கு வராமல் போகிறவர்கள் உண்டு. செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள் மருத்துவமனை சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் குறைபாடுகள் பட்டியலில் எம்.எஸ்.ஸும் இருக்கிறது.

முதல்முறை வரும்போது எந்த மாதம், எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். கல்லூரி நாளில் ஒரு கண் மங்கித் தெளிந்த கதையானாலும் அதில் இருக்கட்டும். பழைய மருந்துச் சீட்டு கிடைத்தால் அதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.