சுவர் கரடுமுரடாக இருந்தால் பாட்டு நன்றாகக் கேட்குமா?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில், தொலோ பகுதியின் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பாறைமேடு இருக்கிறது. கோபுரம் கிடையாது. கிட்டே போனால்தான் மேட்டின் உச்சியில் ஒரு செப்புக் கூரை தலைகாட்டுவது தெரியும். அதற்குக் கீழே பாறையைக் குடைந்து செய்த வட்டமான கூடம்தான் தெம்பெலியாவுகியோ என்ற லுத்தரன் தேவாலயம். மணிகூட இல்லை. தானெலி கூசிஸ்தோ இசையமைத்த மணியோசையின் பதிவை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். ஆனால் இசைக் கச்சேரிக்குப் பேர் போன இடம்.

ஒலியியல் தெரிந்தவர்கள் இங்கே கொஞ்சம் புருவம் உயர்த்துவார்கள். வட்டக் கூடம், மேலே குவிமாடம், சுற்றிலும் கல். மூன்றுமே தனித்தனியாகத் தொல்லை தரக்கூடியவை. வழவழப்பான உட்குழிந்த சுவரில் பட்ட ஒலி ஒரே இடத்தில் போய்க் குவியும், இல்லையென்றால் சுவரை ஒட்டியே சுற்றிவரும். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் மாடத்தில் ஒருவர் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பது இதனால்தான். இயற்பியலாளர் ராலே பிரபு ஆராய்ந்து சொன்ன விஷயம் அது. வேடிக்கைக்குச் சரி, கச்சேரிக்கு ஆகாது. ஓர் இருக்கையில் வயலின் காதைத் துளைக்கும், பக்கத்து இருக்கையில் மங்கிப்போகும்.

அப்புறம் இங்கே மட்டும் எப்படி? பதில் சுவரில் இருக்கிறது. திமோ, துவோமோ சுவோமலைனென் என்ற சகோதரர்கள் 1961இல் வடிவமைப்புப் போட்டியில் வென்றார்கள். பாறையைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டால் என்ன என்று அவர்களுக்கு முதலிலேயே தோன்றியிருக்கிறது. நடுவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று பயந்து அதைக் கைவிட்டார்கள். பிறகு இசை நடத்துநர் பாவோ பெர்க்லுண்ட், நல்ல இசை அரங்குகளைப் பற்றித் தான் அறிந்ததைச் சொன்னார். ஒலியியல் பொறியாளர் மவுரி பார்யோ சுவர்ப்பரப்பு எப்படி இருக்கவேண்டும் என்று கணக்குக் கொடுத்தார். பார்த்தால், அவர் கேட்டதெல்லாம் வெடிவைத்து உடைத்த பாறையிலேயே இருந்தது! 1968 பிப்ரவரியில் வேலை தொடங்கி, அடுத்த ஆண்டு செப்டம்பரில் தேவாலயம் திறக்கப்பட்டது.

கண்ணாடியில் பட்ட வெளிச்சம் ஒரே திசையில் திரும்பும், சுண்ணாம்பு அடித்த சுவரில் பட்ட வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவும். ஒலிக்கும் இதே கதைதான், ஆனால் அளவு பெரிது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. நொடிக்கு 3,400 முறை அதிரும் கீச்சுக்குரலின் அலைநீளம் 10 செ.மீ.; 340 முறை அதிரும் குரலுக்கு 1 மீட்டர். அலைநீளத்தோடு ஒப்பிடும்படியான மேடுபள்ளம் இருந்தால்தான் ஒலி சிதறும். அதைவிட மிகச் சிறிய சொரசொரப்பை அலை கண்டுகொள்வதே இல்லை. வெடித்துப் பிளந்த கருங்கல்லில் விரலளவுச் சில்லும் உண்டு, கையகலப் பள்ளமும் உண்டு, ஆள் சாயும் அளவுக்குப் புடைப்பும் உண்டு. அதனால் பல சுருதிகளுக்கும் வேலை நடக்கிறது. மரப்பலகையை விதவிதமான ஆழத்தில் செதுக்கி இதே விளைவைக் கொண்டுவரப் புது அரங்குகள் நிறையப் பணம் செலவழிக்கின்றன.

கல் ஒலியை விழுங்குவதும் சொற்பம்தான். அதனால் ஒலி சிதறினாலும் செத்துப்போவதில்லை. பல திசைகளிலிருந்து சிறிய சிறிய எதிரொலிகளாகத் திரும்பி, ஒன்றோடொன்று கலந்து, கேட்பவரைச் சூழ்ந்துகொள்கிறது. தனி எதிரொலி என்று எதையும் காது பிரித்துக் கேட்பதில்லை. கூட்டம் நிறைந்தால் நிலைமை மாறும்: உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ள, முழக்கம் சீக்கிரம் அடங்கும். ஆளில்லாத கூடத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு மேடையேறுபவர் இதைக் கணக்கில் வைத்தாகவேண்டும்.

ஆர்கன் என்ற பெரிய குழாய் வாத்தியத்தின் அடித்தொண்டைச் சுரங்களுக்கு வேறு கணக்கு. நொடிக்கு 34 முறை அதிரும் சுரத்தின் அலைநீளம் 10 மீட்டர். அதன் முன்னால் கையகலப் பள்ளமெல்லாம் ஒன்றுமே இல்லை. அங்கே உதவுவது பாறையின் ஒட்டுமொத்த ஒழுங்கின்மை. சுவர் ஓரிடத்தில் 5 மீட்டர் உயரம், இன்னோரிடத்தில் 9 மீட்டர் வரை போகிறது. கூடத்தின் விளிம்பும் கச்சிதமான வட்டம் இல்லை. மேலே உள்ள குவிமாடமோ 24 மீட்டர் விட்டமுள்ள சரியான வட்டம். இரண்டையும் இணைக்கும் கான்கிரீட் உத்தரங்களின் நடுவே 180 கண்ணாடிச் சாளரங்கள் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் அவை ஒரு பக்கம் நீளமாகவும் இன்னொரு பக்கம் குட்டையாகவும் தெரியும். பாறை வட்டத்திலிருந்து எங்கெங்கே எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அந்த நீளங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.