ஆய்வாளருக்குச் சமூக வலைத்தளம் எதற்குப் பயன்படும்?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த கையோடு நூலகத்துக்கு வரும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ஆய்வாளர்களுக்கான சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் கணக்குத் தொடங்கலாமா என்பது. தொடங்கலாம்; ஆனால் அதற்கு முன் ஆர்க்கிட் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பேன். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாக வழங்கப்படும் இந்த 16 இலக்க அடையாளம் நம்மவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் பெரும்பாலும் இல்லாததால், ஒருவரே ஓர் ஆய்விதழில் 'எஸ். குமார்' என்றும், இன்னொன்றில் தலைப்பெழுத்து விரிந்து தந்தையின் பெயரே குடும்பப் பெயராகியும் அச்சேறுகிறார்; அவருடைய கட்டுரைகள் இரண்டு மூன்று பேரின் கணக்கில் சிதறிவிடுகின்றன. திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது.

ரிசர்ச்கேட் போன்ற தளங்களின் உண்மையான பயன், துறை அறிந்தவர்களை நேரே அணுக முடிவதுதான். விலை கூடிய ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்ட இயலாத கல்லூரியில் இருப்பவர், கட்டுரையாசிரியரிடமே ஒரு படி கேட்கலாம்; எதற்காகக் கேட்கிறோம் என்று இரண்டு வரி எழுதினால் பலர் மனமுவந்து அனுப்புகிறார்கள். விமர்சனமும் இங்கே விரைவாக வருகிறது. பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்செனிக்கைக் கொண்டு வளரும் பாக்டீரியாவைக் கண்டதாக 2010 டிசம்பரில் சயன்ஸ் இதழின் இணையப் பதிப்பில் ஒரு கட்டுரை வந்தபோது, கனடாவின் நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்ட் சில நாட்களிலேயே தம் வலைப்பதிவில் அதன் குறைகளை விளக்கினார். விவாதம் ட்விட்டரிலும் பரவியது. அவர் அத்துடன் நிற்காமல் சோதனையைத் தாமே செய்து, அதன் போக்கை இணையத்தில் வெளிப்படையாகப் பதிந்தும் வந்தார். மறுப்புக் கட்டுரைகள் 2012இல் அதே இதழில் வெளியாயின. மூலக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றதோ 2025இல்தான்.

ஆனால் இத்தளங்களை ஆவணக் காப்பகமாகக் கருதக் கூடாது. பதிப்பகம் வடிவமைத்த பிடிஎஃப் கோப்பை அப்படியே பதிவேற்றுவது பல நேரங்களில் பதிப்புரிமை ஒப்பந்தத்துக்கு எதிரானது. எல்சேவியர் பதிப்பகமும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2017இல் ரிசர்ச்கேட் மீது ஜெர்மனியில் தொடுத்த வழக்கு 2023இல்தான் சமரசத்தில் முடிந்தது. மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியை, ஒப்பந்தம் அனுமதித்தால், நிறுவனத்தின் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு, சமூக வலைத்தளத்தில் அதன் இணைப்பை மட்டும் தருவது பாதுகாப்பானது. ஆய்வேட்டுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்கா இருக்கிறது. தளம் தரும் மதிப்பெண்களைத் தன்விவரக் குறிப்பில் எழுதுவதும் வீண். ஆர்ஜி ஸ்கோர் என்ற மதிப்பெண்ணை ரிசர்ச்கேட்டே 2022இல் நீக்கிவிட்டது.

காப்புரிமை பெறும் வாய்ப்புள்ள ஆய்வில் இருப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் ஆய்வக முடிவையோ கருவியின் படத்தையோ பொதுவில் இட்டால், கண்டுபிடிப்பின் புதுமையே கேள்விக்குள்ளாகலாம். ஆகவே நெறியாளரையும் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவையும் கலந்த பிறகே பகிருங்கள்.